சின்னம்மா

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

முதல்முறையாக அவன் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இருபத்தேழு வயதுவரை அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை.

"வாருங்கள், சின்னம்மா" என்று அவன் அம்மா வாசலுக்கு ஓடிவந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார். அவன் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. எங்கள் வயலில் சம்பா நடவு முடித்து, கொல்லைப்புறத்தில் நின்று கூலி வாங்கிப் போனவர். ஆறு வயதில் அவரைப் பெயர் சொல்லி, "இங்கே வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தும், அவன் என்னை "நீ" என்று சொல்ல ஒரு வருடம் ஆனது. அன்று அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 9

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "படிப்பு, சம்பளம் எல்லாம் சரி. நம் வயலில் நாற்று நட்டவளை நான் சம்பந்தி என்று கூப்பிட வேண்டுமா?" என்றார். சாதிப் பெயர் ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை. "நட்டவளை" போதுமாக இருந்தது.

அக்டோபர் 21

தஞ்சாவூரில் வழக்கறிஞரைப் பார்த்தோம். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி புரோகிதர் தேவையில்லை. நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். ஊரைக் கூட்டத் தேவையில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கலப்பு மணத் தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டதைச் சொல்லி, காவல் கண்காணிப்பாளருக்குப் பாதுகாப்பு மனுவும் எழுதவைத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் எங்கள் பெயர்கள் சேர்ந்து வந்தது அந்த மனுவில்தான். கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது.

நவம்பர் 11

மாலை மாற்றிக்கொண்டோம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"அத்தை" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். இரவு சோறு பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்" என்று வந்துவிட்டது அவருக்கு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

தட்டை நீட்டினேன்.