கவண்காரனும் சித்தியும்

நேற்று ராத்திரி இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் விடாத மழை, சித்தி பழைய பிரெஞ்சுத் தொடர் ‘தியெரி லா ஃப்ரோந்த்’ போடச் சொன்னார். 1963இல் தொடங்கி 1966 வரை வந்தது, கறுப்பு வெள்ளை, 52 பாகம். சொலோஞ் காட்டில், பட்டத்தை இழந்து ஒளிந்து திரியும் இளம் பிரபு ஒருவன் நூறாண்டுப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரோடு மோதுகிறான், கையில் கவண். (எனக்குக் கவண் என்றாலே பரண்மேல் நிற்கும் வள்ளிதான், இங்கே ஆள் மாறிவிட்டது!)

சண்டையெல்லாம் சுமார்தான். ஆனால் அவன் காதலி இசபெல் பக்கத்தில் வந்து நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்க்கிறான் பாருங்கள், தொடுவதில்லை, வசனமில்லை, அதற்கே எனக்குக் காத்தோ பிமான் (எங்கள் ஊர் மிளகாய் வடை) கையிலேயே ஆறிப்போனது. வீடு வாசல் இல்லாத ஒருத்தனோடு ஒரு பெண் காட்டில் அலைகிறாள் என்பதே பாதிக் காதல், மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். இப்போதைய சரித்திரத் தொடர்களில் நகை மட்டும்தான் மின்னுகிறது.

எழுபத்தைந்து வயதுச் சித்தி திடீரென்று, “இவன மாதிரி ஒருத்தன் வருவான்னுதான்டி ரெண்டு வருஷம் வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சேன்” என்றார்.

சித்தப்பா காதில் விழாத மாதிரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.