பஞ்சுருட்டான் பொந்தும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளும்

2025 ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் முதல்முறையாகக் கலந்துகொண்டேன். குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் 17 வகை எண்ணினேன். வருஷக்கணக்காக அந்த வழியாக வேலைக்குப் போகிறேன், அதில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. மாசி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அனுமன்தீர்த்தம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் நடக்க ஆரம்பித்தேன். தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து விடியும் முன் கிளம்பினால் தீர்த்தமலையைத் தாண்டும்போது வெளுக்க ஆரம்பிக்கும்.

ராமர் பூஜைக்கு அனுமன் கொண்டுவந்த தீர்த்தம் நேரம் தவறிப்போக, அவர் வீசி எறிந்தது விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம் என்பார்கள். ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் அலைமோதும் இடம். மாசிக் காலையில் நான், துணி துவைப்பவர்கள் இரண்டு பேர், பறவைகள், அவ்வளவுதான். கரையோரப் புங்க மரங்கள் செம்புநிறத் தளிர் விட்டிருந்தன. சாலையோரத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கேமரா நிக்கான் டி5600, லென்ஸ் 70-300. இரண்டும் பழசாக வாங்கியவை. முதல் ஞாயிறு (பிப்ரவரி 16) 212 படம் எடுத்தேன், தேறியது 9. சின்னக் கொக்கு எல்லாம் வெறும் வெள்ளைத் துண்டாக வந்திருந்தது, இறகு ஒன்றுகூடத் தெரியவில்லை. இருண்ட தண்ணீர் பின்னால் இருந்தால் கேமரா அதைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கிவிடுகிறது, வெள்ளைப் பறவை வெந்துபோகிறது. அடுத்த வாரம் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தேன், கழுத்து இறகு தனித்தனியாக வந்தது. நாணலில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொள்வதற்கு மருந்து, ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். இந்த இரண்டும் சரியானதும் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

பெரிய சந்தோஷம் கருப்பு வெள்ளை மீன்கொத்தியில்தான் கிடைத்தது. மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து காத்திருக்கும். இது தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். உடம்பெல்லாம் ஆடும், தலை மட்டும் ஆணி அடித்தது போல அசையாது. ஷட்டர் 1/1000 நொடி வேகத்தில் சிறகு நுனி கலங்கியது. 1/2500 வைத்தபோது நின்றது. வெளிச்ச உணர்வு அளவான ஐஎஸ்ஓ 1600 வரை ஏறிப் படத்தில் புள்ளி புள்ளியாக வந்தது, பரவாயில்லை. கண் தெளிவாக இருந்தால் புள்ளியை நான் பொருட்படுத்துவதில்லை.

அந்த மீன்கொத்தியைப் பின்தொடர்ந்து போன இரண்டாவது ஞாயிறுதான் அந்தக் கரையைப் பார்த்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் கொட்டியது, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. அந்த வெள்ளம் ஓரிடத்தில் கரையை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுத்துவிட்டிருந்தது. புது மண், புல் முளைக்காத சுவர். அதில் தேனீ, தட்டான் பிடித்துத் தின்னும் பச்சைப் பஞ்சுருட்டான் ஒரு ஜோடி பொந்து தோண்டிக்கொண்டிருந்தது. அலகால் கொத்தும், உள்ளே போகும், பிறகு காலால் மண்ணைப் பின்பக்கமாக எத்தும். பொந்து வாயிலிருந்து மணல் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. வெள்ளம் எத்தனையோ பேருடைய நிலத்தையும் வீட்டையும் கெடுத்தது. இந்தக் குருவிக்கு அது அறுத்த மண்ணில் வீடு கிடைத்திருக்கிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

மார்ச் 2 தீர்த்தமலை ஏறினேன், படியெல்லாம் குரங்குகள், படம் ஒன்றும் தேறவில்லை. மார்ச் 9, 16, 23 மூன்று நாளும் பொந்துக்கு வெளியே பெரும்பாலும் ஒன்றுதான் தெரிந்தது, மற்றது அடையில் இருந்திருக்கும். அந்த வாரங்களில் கீழே இருந்து எடுத்துப் பழகினேன். அம்மா பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்து, உள்ளே இரண்டு கிலோ கேழ்வரகு போட்டுக் கொடுத்தார். லென்ஸைத் தாங்கக் கடையில் விற்கும் பீன் பேக்கை விட இது லென்ஸுக்கு நன்றாகப் பதிகிறது. மணலில் வைத்து, திரையைத் திருப்பி விரித்துப் பார்த்தால் பறவையின் கண் மட்டத்தில் படம் வருகிறது. ஒருமுறை லென்ஸை மணலில் சாய்த்துவிட்டேன், ஜூம் வளையம் இன்னும் கரகரக்கிறது. இப்போது லென்ஸில் பாலிதீன் பை சுற்றாமல் கரையில் இறங்குவதில்லை.

மார்ச் 30 அன்று இரண்டும் பூச்சி கொண்டுவர ஆரம்பித்தன. குஞ்சு பொரித்துவிட்டது. பொந்துக்கு நேர் எதிரே, பத்து மீட்டர் தூரத்தில், வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்தேன். வாயில் தட்டானோடு ஒன்று, பட்டுப்போன கிளையில் வந்து உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. உள்ளே போகவில்லை. பொந்துப் பக்கம் பறக்கும், வாய்வரை போகும், திரும்பி அதே கிளைக்கு வரும். இருபது நிமிடம் கழித்துத் தட்டானை அதுவே விழுங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. உள்ளே குஞ்சு காத்திருக்கிறதே.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ அங்க குந்திக்கினு பொந்தையே பார்த்தா அது எப்படிப் போவும்? அந்தண்டை போய்க் குந்து."

"தூரமாப் போகணுமா தாத்தா?"

"தூரம் வாணாம். உன் கண்ணுக்குப் பொந்து தெரியக் கூடாது. அவ்ளோதான்."

நான் கீழ்ப்பக்கமாக நகர்ந்து, கரையின் மடிப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்பு இருந்த அதே பத்து மீட்டர்தான். கிளை தெரிந்தது, பொந்து தெரியவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த பூச்சியோடு வந்தது நேராக உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். புனேயில் ஆய்வாளர் மிலிந்த் வாட்வே குழுவினர் 2002-ல் இதே பச்சைப் பஞ்சுருட்டானை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். மனிதர் பொந்து தெரியும் இடத்தில் நின்றால் பறவை உள்ளே போகத் தயங்குகிறது. தூரத்தை மாற்றாமல் பொந்து மறையும் இடத்தில் நின்றால் தயக்கம் குறைகிறது. எதிரி நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியும் என்பதை அந்தச் சின்னத் தலை கணக்குப் போடுகிறது. பெரியவர் எந்த ஆய்வும் படிக்காமல், ஆடு மேய்த்தபடி பார்த்தே இதைத் தெரிந்துவைத்திருக்கிறார். கூட்டுக்கு நேரே கேமராவைப் பொருத்தி மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பறவை பயந்து பறந்தால்தான் தொந்தரவு என்று நானும் நினைத்திருந்தேன். அது பறக்கவே இல்லை, அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தது. குஞ்சுக்குத்தான் சாப்பாடு போகவில்லை.

ஏப்ரல் 6, எட்டாவது ஞாயிறு. மடிப்புக்குப் பின்னால், கேழ்வரகுப் பை மேல் லென்ஸ், ஃபோகஸ் கிளை மேல். 1/1600, ஐஎஸ்ஓ 800. போனதும் ஆள்காட்டிக் குருவி கத்தி ஊரைக் கூட்டியது, அது அடங்கக் கால் மணி நேரம். ஏழே காலுக்குப் பஞ்சுருட்டான் தேனீயோடு வந்தது. கிளையில் இடம் வலமாக நாலைந்து தடவை அடித்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது, தீக்குச்சி ஒடிகிற மாதிரி. பிறகு தேனீயைத் திருப்பிப் பிடித்து, வால்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத் தேய்த்துக் கொடுக்கை எடுத்தது. அதன் வால் நடுவில் கம்பி போல நீளும் இரண்டு இறகில் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது, மற்றதின் நுனி பிசிறு பிசிறாக இருந்தது. மண் பொந்தில் போய்ப் போய் வந்த தேய்மானம். இந்தப் படம்தான் எட்டு வாரத்தில் என் மனசுக்கு நிறைவாக வந்தது. தேனீயின் சிறகில் வெயில் பட்டு மின்னுகிறது.

ஒரு மணி நேரத்தில் 11 தடவை உள்ளே போய் வந்தது. நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்.

குளிர்காலத்துக்கு வந்த தகைவிலான்கள் குறைந்துவிட்டன, பழுப்புக் கீச்சானும் இனி வடக்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் ஏப்ரல் கடைசியில் வெளியே வரலாம், அவற்றுக்கு அந்த வால் கம்பி இருக்காது. அதுவரை பொந்து இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லப் போவதில்லை, படங்களிலும் இடக்குறிப்பை அழித்துவிட்டேன். பெரியவருக்கு அந்தத் தேனீப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.