விசாரணையில் தெரிவித்தபடி

“சாமி கும்பிட எந்தக் கோவிலுக்குப் போவீர்கள்?”

நான் கேட்டது இவ்வளவுதான். சாதிச் சான்றிதழ் மனு வந்தால் கிராம நிர்வாக அலுவலர் கேட்கிற கேள்விதான். பணிக்காலத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. அன்று எதிரே நின்ற அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். மகள், மேசையில் திறந்து கிடந்த ஸ்டாம்பு பேடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாரியம்மன் கோவிலுக்குத்தான் சார்.”

அது புதன்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்பு எங்கள் சபையின் திருவிருந்தில் ஆண்கள் வரிசையின் கடைசி ஆளாக நான் முழங்காலிட்டிருந்தேன். பெண்கள் வரிசையின் முதல் ஆள் அவர். நான் குடித்ததும் எங்கள் போதகர் ஐயர் திராட்சரசப் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அவரிடம் நீட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார். அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும்.

மகள் பாடகர் குழுவில் இருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், நர்சிங் சேர வேண்டும். மனுவில் ‘இந்து – ஆதி திராவிடர்’ என்று இருந்தது. மாற்றுச் சான்றிதழிலும் அப்படியே, அவள் அப்பா எப்போதோ வாங்கிய பழைய சான்றிதழிலும் அப்படியே. தாளில் ஒரு குறையும் இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் பரிந்துரைத்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு அனுப்பியிருந்தால் தாசில்தார் கையெழுத்து வரை தானாகப் போயிருக்கும்.

பிறகு ஏன் கேட்டேன்?

கடமை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. மதம் மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறார். பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டு வரிசையிலிருந்து அந்தப் பெண் இறங்கி, என் பிள்ளைகள் நின்ற 26.5 சதவீத வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஞானஸ்நானம் பெற்றதால் அவர்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டுவிடவில்லை. எங்கள் சபையிலேயே பாத்திரம் ஒன்றுதான், பெண் கொடுக்கிற பேச்சு வந்தால் தெரு வேறு வேறுதான்.

நான் பிறந்த சாதிக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்து என்று எழுதினாலும் கிறிஸ்தவன் என்று எழுதினாலும் ஒரே பட்டியல். என் சான்றிதழில் ‘கிறிஸ்தவர்’ என்று இருப்பதை ஒரு சாட்சி மாதிரி பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதற்காக நான் ஒரு ரூபாய்கூட இழந்ததில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். செலவே இல்லாத கோபுரம் என்னுடையது.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சிங்கக் கெபியையும் அக்கினிச் சூளையையும் சொல்லிக்கொடுத்தார்கள். ராஜா வந்து, விசுவாசத்தை விடு, இல்லாவிட்டால் தலையை வெட்டுவேன் என்பான். விடமாட்டேன் என்று நாம் சொல்ல வேண்டும். பத்து வயதில் இதற்கு நான் தயாராகவே இருந்தேன். ராஜா இருக்கிற நாற்காலியில் என்னையே உட்கார வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பேதுரு மறுதலித்த இரவைப் பற்றிப் பெரிய வெள்ளிதோறும் கேட்கிறோம். நானும் பேதுருவைப் போல பலவீனன் என்று உருகி ஜெபித்திருக்கிறேன். அந்த முற்றத்தில் நெருப்பண்டையில் ஒரு வேலைக்காரியும் நிற்கிறாள். “இவனும் அவனோடிருந்தான்” என்கிறாள். அவள் சொன்னது உண்மை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பேதுரு அந்த வேளையில் மறுதலித்திருக்க வேண்டியதில்லை. அவளைப் பற்றி எந்தப் பிரசங்கியாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் கேட்காமல் எழுதியிருந்தால்? தெரிந்தே பொய்யான அறிக்கை அனுப்பியவன் ஆவேன். உள்ளதை எழுதியிருந்தால் ஒரு பெண்ணின் படிப்பில் மண் விழும். சபையில் தெரிந்தவர்கள், வேறொருவரை விசாரிக்கச் சொல்லுங்கள் என்று ஆர்.ஐ.யிடம் ஒதுங்கியிருக்கலாம். அப்படி ஒதுங்குவதே காட்டிக்கொடுப்பது மாதிரிதான். எப்படிச் சுற்றி வந்தாலும் எனக்குச் சுத்தமான வழி கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் பரிந்துரைத்தேன். ‘விசாரணையில் மனுதாரரின் தாயார் தெரிவித்தபடி’ என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன். சான்றிதழ் வந்தது, இடமும் கிடைத்தது. நல்லது செய்தேன் என்று அன்றிரவு நிம்மதியாகத்தான் தூங்கினேன். அந்த வரிக்காகத்தான் கேள்வியையே கேட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. யாரோ ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும். அது என் கணக்கில் ஏறாமல் அவர் கணக்கில் ஏற வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். அதுவும் பெற்ற மகள் பக்கத்தில் நிற்கும்போது.

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டுமா என்றும் தோன்றுகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் தொடர்ந்து தேவாலயம் போவதைச் சான்றாக எடுத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றார்கள். படித்தபோது என் வயிறு கலங்கியது. கலங்கியது அந்தப் பெண்ணுக்காகவா என் ஓய்வூதியத்துக்காகவா என்று கேட்டால், இரண்டாவதுதான் முந்திக்கொண்டது.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அம்மாவும் மகளும் எங்கள் சபைக் கோவிலுக்கு வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். ஐயர், “உங்களுக்குத்தான் அந்தத் தெரு பழக்கமாயிற்றே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்” என்றார். அவரிடம் என்ன சொல்வது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். குழாயடியில் நின்ற மகள் என் பைக்கைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, “அம்மா, வி.ஏ.ஓ. சார் வருகிறார்” என்று குரல் கொடுத்தபடி உள்ளே ஓடினாள். கதவு திறக்கச் சற்று நேரம் ஆயிற்று. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. அதற்குக் கீழே, காலண்டர் அளவுக்குச் சுண்ணாம்பு மட்டும் புகை படியாமல் வெளுப்பாக இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே இடத்தில்தான் வசனக் காலண்டர் தொங்குகிறது.

கருப்பட்டிக் காபி கொடுத்தார். “ஏதாவது விசாரணையா சார்?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அம்மா என்று சொல்லத்தான் போயிருந்தேன். பட்டாவில் பெயர் மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.