எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்

சேலத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் கோடையில் 12½ மணி நேர வித்தியாசம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 13½ ஆகிவிடும். அஞ்சு ரோடு பக்கம் இருந்த எங்கள் ஆபீசில் முன்பெல்லாம் கலிபோர்னியாவில் இருப்பவர்களோடு ராத்திரி எட்டரை மணி போன் கால் முடிந்தால்தான் எழுந்திருக்க முடியும். ஏற்காட்டிலிருந்து தினமும் வந்துபோன நண்பர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில், மழையில் பைக்கில் ஏறிப் போவார். எனக்கு அது மனசாகவே இல்லை.

பிறகு தினமும் போன் காலில் பேசுவதை நிறுத்தி, எழுத்துக்கு மாறினோம். 'சார், ஒரு டவுட்' என்று மட்டும் மெசேஜ் போட்டால், கலிபோர்னியாவில் இருப்பவர் எழுந்து 'சொல்லுங்க' என்பதற்குள் நமக்கு ராத்திரி ஆகிவிடும். எந்த சர்வர், எத்தனை மணிக்கு, என்ன எரர், இதுவரை என்ன செய்து பார்த்தோம் என எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் நாளைக்கு நாமாக என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுதிவிட்டால் வேலை நிற்காது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஓமலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி டீமில் இருந்தாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போன் கால்களில் வாயே திறக்க மாட்டாள். இங்கிலீஷில் வாக்கியத்தை மனசுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். பேமென்ட் வேலை ஒன்றின் டிசைனை டாக்குமென்டாகப் போட்டு, கருத்துச் சொல்ல இரண்டு நாள் கொடுத்தோம். அவள் எழுதினாள்: பதில் வராமல் டைம் அவுட் ஆன கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை பணம் பிடித்துவிடும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே அனுப்பலாம். சீனியர்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. "கால்ல கேட்டிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேண்ணா" என்றாள்.

வாய் சாமர்த்தியத்தைத் திறமை என்று எத்தனை வருஷம் மார்க் போட்டிருக்கிறோம்!

எல்லாவற்றுக்கும் எழுத்து உதவாது. சர்வர் விழுந்தால் போன்தான். ஒருவர் எழுதிய புரோகிராமைக் குறை சொல்லி அவர் மனம் நோகும் என்று தோன்றினாலும் போன்தான். பேசி முடித்ததை மட்டும் பிறகு டிக்கெட்டில், அதாவது அந்த வேலைக்கான பதிவில், எழுதிவிடுவோம்.

கருத்துச் சொல்லும் அவகாசத்தை ஒரு நாளாகக் குறைக்கலாம் என்று சமீபத்தில் மேனேஜர் கேட்டார். அந்தப் பெண்ணின் குறிப்பே இரண்டாம் நாள் சாயங்காலம்தான் வந்தது என்று காட்டி, முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.