பருவத்துக்கு ஒரு ஸ்கீமா வேண்டாம்: நீடாமங்கலம் நாட்குறிப்பு

ஜூன் 3

உழவர் உற்பத்தியாளர் குழுவின் கணக்கை எக்செல் கோப்புகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. கணக்குப் பார்க்கும் மாமா கேட்டார்: "தம்பி, குறுவைக்கு ஒண்ணு, சம்பாவுக்கு ஒண்ணு, தாளடிக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஸ்கீமா போட்டுட்டா தேட சுலபமில்லையா?"

ஸ்கீமா என்றால் டேட்டாபேஸுக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் அறை. மாமா நோட்டில் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். ஆனால் குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடுகிறோம். பிரித்தால் ஒரே சர்வே எண் இரண்டு இடத்தில் உட்காரும். நெடுவரிசை ஒன்று கூட்ட, அட்டவணையை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை மூன்று முறை. வருட மகசூல் பார்க்க ஒவ்வொரு தடவையும் மூன்றையும் ஒட்டும் யூனியன் ஆல். பருவம் என்பது சாகுபடி அட்டவணையில் ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான். அந்த மூன்று பெயரைத் தவிர வேறெதுவும் நுழையாமல் ஒரு செக் கட்டுப்பாடு (பதியும் மதிப்பைச் சோதிக்கும் விதி) காவல் காக்கும். மாமா ஒப்புக்கொண்டார்.

ஜூன் 4

பின் ஸ்கீமாவை எதை வைத்துப் பிரிப்பது? யார் எழுதுகிறார் என்பதை வைத்துத்தான். 'நிலம்': பட்டா, சர்வே எண், உட்பிரிவு. மாமா மட்டும் தொடலாம். 'கொள்முதல்': எடை, ஈரப்பதம். களத்தில் நிற்கும் பிள்ளைகள் பதிவார்கள்.

தனித்தனி டேட்டாபேஸாகவே வைக்கலாமே என்றும் பேச்சு வந்தது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்கீமா தாண்டி ஃபாரின் கீ (ஓர் அட்டவணையின் வரியை இன்னொன்றின் வரியோடு பிணைக்கும் விதி) போடலாம், டேட்டாபேஸ் தாண்டிப் போட முடியாது. நெல் எந்த வயலிலிருந்து வந்தது என்ற பிணைப்பு எனக்கு முக்கியம். (மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் இது வேறு: மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றே, ஆரக்கிளில் ஸ்கீமா பயனரோடு சேர்ந்தே பிறக்கிறது. பாடம் படிக்கும்போது அது எந்த மென்பொருளுக்கு எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஜூன் 6

'கிரியேட் ஸ்கீமா நிலம்' என்று கட்டளை கொடுத்து, தமிழிலேயே பெயர் வைத்தேன். மேற்கோள் குறிகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அத்தனை மகிழ்ச்சி! மாமா பெயரைப் பார்த்ததும் அது என்ன என்று அவருக்குப் புரிகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு எல்லை உண்டு. பெயருக்கு 63 பைட்தான் இடம். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாமே கணக்கில் சேரும். 'நேரடி_கொள்முதல்_நிலையம்' 65 பைட் ஆகிறது. போட்டுப் பார்த்தால் ஒரு அறிவிப்போடு கடைசி மகர மெய்யின் புள்ளியை நறுக்கிவிட்டது. பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

ஜூன் 9

அனுமதி நாள். ஸ்கீமாவுக்கு யூசேஜ் (உள்ளே நுழையும் உரிமை), அட்டவணைக்கு இன்சர்ட் (வரி சேர்க்கும் உரிமை): இரண்டும் கொடுத்தால்தான் களத்துப் பிள்ளைகளால் எழுத முடியும். ஒன்று மட்டும் கொடுத்தால் கதவு திறக்காது. இனி உருவாகும் அட்டவணைகளுக்கும் உரிமை தானாகக் கிடைக்க, ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலெஜஸ் கட்டளையைத் தனியாக எழுதினேன்.

டேட்டாபேஸோடு தானாகவே வரும் பப்ளிக் ஸ்கீமாவைக் காலியாகவே விட்டேன். 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பிலிருந்து, புதிய டேட்டாபேஸில் எல்லாரும் அங்கே அட்டவணை உருவாக்க முடியாது. நல்ல முடிவு.

ஜூன் 11

'அறிக்கை' என்று இன்னொரு ஸ்கீமா; உள்ளே வியூ (அட்டவணை போலத் தெரியும், சேமித்து வைத்த கேள்வி) மட்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர். வாய்ப்பேச்சில் குழி, மா, வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. சேமிப்பது ஹெக்டேரில், உறுப்பினருக்குக் காட்டுவது மாவில். நாளை மாமா சரிபார்க்கிறார்.