பூனைக்கு ஒரு தனி வாசல்

கதவுல பூனைக்குன்னு ஒரு குட்டி வாசல் போட்டாச்சு! வேலை ஒண்ணும் பெருசில்ல, அளவெடுக்கறதுதான் விஷயமே. பூனையோட வயிறு தரையிலேருந்து எவ்ளோ உயரமோ அந்த உயரத்துலதான் ஓட்டையோட கீழ்விளிம்பு வரணும், நம்மாளு ஒரு இடத்துல நின்னாத்தானே, டேப்பைப் பாத்ததும் அதைக் கடிக்க ஆரம்பிச்சுட்டார். அப்புறம் கடையில வாங்கற வாசல் செட்டோட கூட வர்ற பேப்பர் அச்சைக் கதவுல ஒட்டி, நாலு மூலையிலயும் ட்ரில் போட்டு, ஜிக்ஸா (கரண்ட்ல ஓடற சின்ன ரம்பம்) பிளேடை அதுல விட்டு கோட்டு மேலயே அறுத்தா முடிஞ்சுது. மரக்கதவுக்குதான் இதெல்லாம், டஃபன்டு கிளாஸ்னா (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி) கையே வைக்காதீங்க, மொத்தமா நொறுங்கிடும், ஓட்டையோட புது கண்ணாடியாதான் ஆர்டர் பண்ணணும். கண்ட பூனையும் உள்ள வந்து சாப்பாட்டைக் காலி பண்ணுதுன்னா மைக்ரோசிப் படிக்கிற மாடல் வாங்குங்க, நம்ம பூனையோட தோலுக்கு அடியில வெச்சிருக்கற அடையாளச் சிப்புக்கு மட்டும்தான் லாக் திறக்கும் (இரும்புக் கதவுல சிப்பைப் படிக்கத் திணறும், வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க). போட்ட உடனே பிடிச்சு உள்ள தள்ளாதீங்க ப்ளீஸ், பயந்துச்சுன்னா அந்தப் பக்கமே வராது. மொத கொஞ்ச நாள் மூடியை மேல தூக்கி டேப் போட்டு ஒட்டிட்டு, அந்தப் பக்கம் தீனியைக் காட்டுங்க, தானா பழகிடும். எங்க வீட்டு மகாராஜாவும் பழகிட்டார், ஆனா நான் வீட்ல இருந்தா மட்டும் பெரிய கதவைத் திறந்து விடச் சொல்லி கத்தறார் 😹