ஒன்பது கிலோ குறைந்த ஆயா

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆயா என் அறைக்குள் வந்தபோது, அவர் ரவிக்கையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்ததைக் கவனித்தேன். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தார். அந்த எண்ணை நான்தான் வருகிற எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாருங்க, இந்த வயசுல இவங்களால முடிஞ்சிருக்கு" என்று.

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் வழியில் அவருடைய ஊர். முதலில் வந்தபோது வயது 67, எடை 78 கிலோ. இரண்டு முட்டியிலும் வலி, கூடவே சர்க்கரையும் பிரஷரும். எடையைக் குறைத்தால் வலி தணியும் என்று சொல்லி எலும்பு டாக்டர் என்னிடம் அனுப்பினார். அதில் தவறே இல்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. சர்க்கரைக்கும் நல்லது.

நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக, சுருக்கமாகப் பிசியோவாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் பிசியோ என்றால் "கரண்ட் வெக்கிறவங்க". பத்து நாள் கரண்ட் வைத்தேன், தொடைக்கு இரண்டு சின்னப் பயிற்சி கொடுத்தேன், பிறகு எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: "காலையில அரை மணி, சாயந்திரம் அரை மணி நடங்க ஆயா. சோத்தக் கொறைங்க."

அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் விடாமல் ஏரிக்கரை வரை போய் வந்தார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். கொழுப்பு என்று யாரோ சொல்லப் பாலையும் தயிரையும் விட்டார், முட்டையையும் விட்டார். முட்டி வலிக்கிறது என்பதால் அதற்கு முன்பே மாட்டை விற்றிருந்தார்கள். புல்லுக்கட்டு தூக்குவது, தண்ணீர் காட்டுவது, பால் கேனைச் சொசைட்டிக்குத் தூக்கிப் போவது எல்லாம் அதோடு போய்விட்டது. இது ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பேன், எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன்.

ஒரு காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்துவிட்டது. சேலத்தில் எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.7. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை என்று கணக்கு.

"நீ சொன்னதத்தான கண்ணு செஞ்சேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

எடை குறைக்கத் தொடங்கும் முன் அவருக்கு ஸ்கேன் எடுத்திருக்கவில்லை. அதனால் அந்தக் குறைவில் எவ்வளவு பழையது, எவ்வளவு அந்த எட்டு மாதத்தில் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு எப்படியும் குறையும்தான். ஆனாலும் அந்த எட்டு மாதம் எலும்பைக் காப்பாற்ற நான் ஒன்றுமே செய்யவில்லை என்பது நிச்சயம்.

அதன் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். எலும்பு உயிருள்ள பொருள். பழையதைக் கரைப்பதும் புதியதை வைப்பதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது. பாரம் விழும் இடத்தில் எலும்பு கெட்டிப்படும், பாரம் விலகிய இடத்தில் இளகும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே இதை எழுதிவிட்டார். கல்லூரியில் முதலாண்டிலேயே படித்து மார்க் வாங்கிய பாடம். ஆனால் 78 கிலோவைச் சுமந்து பழகிய இடுப்பு, 69 கிலோவை மட்டும் சுமக்கும்போது என்ன செய்யும் என்று அந்தப் பாடத்தை ஆயாவோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. பாரம் குறைவது ஒரு பக்கம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து கிடைக்கும், எலும்பைக் காக்கும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் கொழுப்போடு சேர்ந்து குறைகிறது. சாப்பாடு குறைந்தால் கால்சியமும் புரதமும் குறைகின்றன, தசையும் கரைகிறது. பிற்பாடு எடை திரும்ப ஏறினாலும் போன எலும்பு முழுசாகத் திரும்புவதில்லை.

2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அன்று இரண்டு முறை படித்தேன். 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமனான 160 பேர். உணவைக் குறைத்ததோடு சிலர் நடை போன்ற ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தார்கள், சிலர் எடை தூக்கும் பயிற்சி, சிலர் இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுவிலும் எடை ஒன்றுபோல 9 சதவீதம் குறைந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தியோ ஏரோபிக் மட்டும் செய்தவர்களுக்கு 3 சதவீதம் குறைந்தது, இரண்டும் செய்தவர்களுக்கு 1 சதவீதம், எடை தூக்கியவர்களுக்கு அரை சதவீதம். என் எடை மெஷினில் மூவரும் ஒன்றுதான். ஆயாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது அந்த 3 சதவீதக் குழுவின் சீட்டு.

எடை தூக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2025-இல், எடை குறைத்த 150 முதியவர்களை ஓராண்டு பார்த்த இன்னொரு ஆய்வு வந்தது. பாரம் வைத்துத் தைத்த உடுப்பை அணிந்தவர்களுக்கும் சரி, எடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் சரி, இடுப்பெலும்பு குறையத்தான் செய்தது. படித்தபோது மனசு சோர்ந்துவிட்டது. இருந்தாலும் எடைப்பயிற்சியை நான் விடவில்லை. தசை நிற்கிறது, கால் உறுதியாகிறது, விழுவது குறைகிறது. விழாமல் இடுப்போ மணிக்கட்டோ உடைவது அபூர்வம். அதோடு, வயதானவர்களின் எடையை அவசரப்பட்டு இறக்கக் கூடாது என்ற எண்ணமும் எனக்குள் பலப்பட்டது.

இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. மூட்டுத் தேய்மானம், எலும்புப்புரை இரண்டையுமே நம் மக்கள் "எலும்பு தேஞ்சிருச்சி" என்றுதான் சொல்கிறார்கள். முதலாவதில் மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது, வலி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதில் எலும்பே உள்ளுக்குள் மெலிகிறது, உடையும் வரை வலியே இருக்காது. முட்டிக்காக எடை குறைக்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆயாவுக்கு இருந்தது.

எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் இன்னொரு சிக்கல், தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது, ஆனால் இன்று எழுபதைத் தொடுகிறவர்கள் அதற்கு முன் வாழ்நாளெல்லாம் குடித்தது போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். பல்லில் பழுப்புக் கறை, பலகை போல விறைத்த முதுகு. ஃபுளோரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் தரம் கெட்டிருக்கும். அதனால் பல்லையும் முதுகையும் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் பார்த்து "எலும்பு நல்லா இருக்கு" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

கட்டுப் பிரித்ததும் ஆயாவோடு மறுபடி தொடங்கினேன், இந்த முறை அவர் வீட்டிலேயே. வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் பிசியோ வீடு தேடி வருவதை ஊரில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. எலும்புக்கான மருந்தை டாக்டர் எழுதினார். சாப்பாட்டை நான் முதலில் கேட்டேன். களி இருந்தது, நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஆனால் புரதம் போதாது. கொள்ளுக் கடைசல், தினம் ஒரு முட்டை, தயிர் எல்லாம் திரும்ப வந்தன.

பயிற்சியை ஒரு நாற்காலியில் ஆரம்பித்தோம். பிளாஸ்டிக் சேர் வழுக்கும் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். முதல் நாள் நான்கு முறைதான் முடிந்தது, தொடை நடுங்கியது. பத்து முறை சுலபமான பிறகு, ஒரு கிலோ ராகி மாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு இரண்டு கிலோ, பிறகு மூன்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் போதாது. திண்ணைத் தூணைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, வாசற்படி ஏறி இறங்குவது, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு நடப்பது. வாரத்தில் மூன்று நாள். முதுகை வளைத்துக் குனிந்து தூக்குவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தேன். மெலிந்த முதுகெலும்பு அதில் நசுங்கிவிடும். ஏரிக்கரை நடையையும் நிறுத்தச் சொல்லவில்லை.

"வயசானவங்களப் போய் மூட்டை தூக்கச் சொல்றியேம்மா" என்று மருமகள் வருத்தப்பட்டார். அவரைச் சேரில் உட்காரவைத்து, அதே மூன்று கிலோவோடு பத்து முறை எழச் சொன்னேன். ஏழாவது முறையில் மூச்சு வாங்கி நிறுத்தினார். அதன் பிறகு நான் போகாத நாட்களில் ஆயாவுக்கு எண்ணிக்கை சொன்னது அவர்தான்.

இப்போது என் நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார், எத்தனை கிலோவோடு. ஆயாவின் பக்கத்தில் கடைசியாக எழுதியது பதினொன்று, ஐந்து கிலோ. உடம்பின் எடை 70-இல் நிற்கிறது, அதற்கு மேல் இறக்கச் சொல்லவில்லை. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோணலாகவே கூடியிருக்கிறது. சேலை பிழியும்போது வலது கையால் சும்மா பிடித்துக்கொண்டு, இடது கையால்தான் முறுக்குகிறார்.